கடலுக்கு முதுகு காட்டிய ஜன்னல்

துறைமுகத்தில் டிக்கெட் அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. பழைய கோட்டைச் சுவரைக் குடைந்து ஓர் அறை, அதில் ஒரு முகம் தெரியும் அளவுக்கு ஒரு ஜன்னல், உள்ளே, டால்பின் பார்க்கப் போகும் படகுக்கு டிக்கெட் விற்கும் அவள். ஜன்னல் தெருவைப் பார்த்தது. கடல் அவள் முதுகுக்குப் பின்னால் கிடந்தது. கோட்டையைக் கட்டியவர்களுக்கு எதிரியைப் பற்றித்தான் கவலை, டிக்கெட் விற்கப்போகிறவளைப் பற்றி அவர்கள் நினைக்கவே இல்லை.

"டால்பின் வருமாக்கா?" என்று சுற்றிப் பார்க்க வந்தவர்கள் கேட்பார்கள்.

"வராம எங்க போகும்? கலங்கரை விளக்கம் தாண்டினதும் இடது பக்கமே பாருங்க."

இவ்வளவு உறுதியாகச் சொல்கிறவள் ஒருநாளும் படகில் ஏறியதில்லை. ஊருக்குத்தான் உபதேசம். படித்துறையில் அலை வந்து காலைத் தொட்டாலே இரண்டு படி மேலே ஏறிவிடுவாள். ஆனாலும் கடலில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். திரும்பி வருகிறவர்கள் சளசளவென்று பேசிக்கொண்டு வந்தால் வெறும் பறவைகள்தான். பேச்சை மறந்து, தூக்கத்தில் நடப்பவர்கள்போல ஜன்னலைக் கடந்தால், டால்பின்கள் வந்திருக்கின்றன.

அந்தப் படகை ஓட்டுகிறவர் அவள் கணவர். கல்யாணமான புதிதிலிருந்தே கூப்பிடுகிறார். ஒருநாள் தலைவலி என்பாள், ஒருநாள் துணி காயப்போட்டிருக்கிறேன் என்பாள். சாக்குப்போக்குக்கா பஞ்சம்? இப்போது அவருக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையோடு லைசன்ஸ் முடிகிறது, இனிப் புதுப்பிக்க மாட்டார்கள். இந்தத் தடவை அவர் கூப்பிடவில்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "நாளைக்குக் கடைசி ஓட்டம்" என்று மட்டும் சொன்னார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஞாயிறு காலை ஜன்னலைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு படகில் கால் வைத்தாள். கண்ணைத் திறந்தபோது கரை விலகிப் போயிருந்தது. அவள் தினமும் மிதித்து நடந்த கோட்டை பனிக்குள் மிதந்தது. கிடங்குகளும் மணிக்கூண்டும் யாரோ நினைத்துப் பார்க்கும் ஊர்போலத் தெரிந்தன. மணல் திட்டில் வெள்ளைப் பறவைகள் ஒற்றைக்காலில் தூங்கின. பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அது எங்கோ தூரத்தில், வேறு யாருடைய பயமாகவோ இருந்தது.

கலங்கரை விளக்கம் தாண்டியதும் அவர் எஞ்சினை நிறுத்தினார். படகு தன்பாட்டுக்கு மிதந்தது. அவர் ஸ்டியரிங்கில் ஒரு கையை வைத்தபடி, தலையைச் சற்றுச் சாய்த்துத் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் சாவியைத் தேடிச் சத்தம் போடுகிற மனுஷனா இவர்? திடீரென்று அந்த முகம் மலர்ந்தது. படகே "ஆ!" என்றது. தொபீரென்று என்னவோ விழுந்த சத்தம் கேட்டு அவள் திரும்புவதற்குள் தண்ணீர் மூடிக்கொண்டது.

"பார்த்தியா?" என்றார்.

"பார்த்தேங்க. எவ்வளவு பெருசு!"

அவர் சிரித்தார். "பொய் சொல்லாதே. நீ என் மூஞ்சியையேல்ல பார்த்துட்டு இருந்தே."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. காலமெல்லாம் முகங்களிலேயே கடலைப் பார்த்துப் பழகியவள், கடலுக்கு நடுவிலும் அதையே செய்து தொலைத்திருந்தாள். "உங்க கடைசி ஓட்டத்தையும் கெடுத்துட்டேனே. இன்னொரு சுத்து போகலாங்க."

"அடி போடி. டால்பினைக் காட்டவா இத்தனை வருஷமா உன்னைக் கூப்பிட்டேன்?"

"பின்னே?"

"சாயங்காலம் களைச்சுப்போய் வீட்டுக்கு வர்றவனைத்தான் உனக்குத் தெரியும். இங்க நிக்கிறவனை நீ பார்த்ததே இல்லையே."

அவள் பிடித்திருந்த கம்பியை விட்டுவிட்டு எழுந்து, அவர் பக்கத்தில் போய் நின்றாள். படகு ஆடியது. ஆடட்டும் என்று நின்றாள்.