தவறும் துடிப்பும் இரட்டை உலக்கையும்

என் இருதயம் அவ்வப்போது ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு அடுத்ததைப் பலமாக இடிக்கும். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகுதான் இது ஆரம்பித்தது. அப்போது உலகச் சண்டைக் காலம். விக்கிரமங்கலத்திலிருந்து வண்டி கட்டி என்னை அரியலூருக்கு அழைத்துப் போனார்கள். டாக்டர் குழாயை வைத்து நிதானமாகக் கேட்டார்.

“தவறித் துடிக்கிறது நெசந்தாம்மா. ஆனா இருதயத்துல கோளாறு ஒண்ணுமில்ல. நெல்லு குத்துங்க, தண்ணி எடுங்க. தலை சுத்துனாலோ நெஞ்சு வலிச்சாலோ மட்டும் நிறுத்திடுங்க” என்றார்.

சொன்னவருக்கென்ன? கைக்குழந்தையை விட்டுவிட்டு உரலடியில் சாய்ந்தால் போவது நான்தானே! பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எல்லார் நெஞ்சும் இப்படித்தானா என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. குழந்தை, கணவர், கொட்டிலில் நின்ற கன்றுக்குட்டி என்று அகப்பட்ட மார்பிலெல்லாம் காதை வைத்துப் பார்த்தேன். கன்று என் காதை நக்கியது. யாருடையதும் தவறவில்லை.

கடைசியில், டாக்டர் சொன்னதைச் சோதித்தே பார்த்துவிடுவது என்று உலக்கையைக் கையில் எடுத்தேன். கணவரின் தங்கை எதிரே நின்றாள். ஒரே உரலில் அவள் உலக்கை எழும்போது என்னுடையது இறங்க வேண்டும். முதல் நாள் கொஞ்சம் நெல்தான் போட்டோம், மெதுவாகத்தான் குத்தினோம். பிறகு நாளாக நாளாகக் கூட்டினோம். அதில் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தேன். உட்கார்ந்து பால் கொடுக்கும்போது தடுக்குகிற நெஞ்சு, உலக்கை பிடித்தால் சீராக ஓடியது. சும்மா இருந்தால் வம்பு, வேலை கொடுத்தால் ஒழுங்கு. என் கொழுந்தனார் மாதிரியேதான். எனக்கு ஒரே சந்தோஷம்.

மாமியாருக்கு மட்டும் சந்தோஷமில்லை. “பாதி நெல்லு வெளிய கெடக்கு. ஏன்டி இப்படி சிந்துறே?” என்று மகளைத் தினமும் ஏசினார். எனக்கும் அது புதிராக இருந்தது. நான் வருவதற்கு முன்பிருந்தே அந்த வீட்டில் நெல் குத்துகிறவள் அவள்.

“கண்ண எங்கடி வச்சிக்கிட்டு குத்துறே?” என்று கேலியாகக் கேட்டேன்.

“ஒங்க மொகத்துலதான், அண்ணி. நீங்க விழுந்தா புடிக்க வேணாமா?”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் ஒருத்திதான் பயந்துகொண்டிருப்பதாக அதுவரை நினைத்திருந்தேன்.

“உரலப் பாருடி. விழறதா இருந்தா சொல்லிட்டு விழறேன்” என்றேன்.

சிரித்தாள். அன்றும் அவள் உரலைப் பார்க்கவில்லை.