கடல் பக்கம் திருப்பிய பெட்டி

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. வீடு கோவில்பத்தில். இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டி, ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு மிக்ஸர், இரண்டு சிடி பிளேயர், நாலு கலர் லைட்டு. என் தொழில் மொத்தமும் இவ்வளவுதான். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிறிஸ்தவ வீட்டுப் புதுநன்மை விருந்து என்று யார் கூப்பிட்டாலும் எல்லாவற்றையும் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு நானே ஓட்டிப் போவேன். இளவட்டங்கள் என்னை டிஜே என்பார்கள், பெரியவர்கள் ரேடியோ செட்டுக்காரர் என்பார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன்.

பாட்டுப் போடுவதில் எனக்குக் குறை இருந்ததில்லை. குறை எல்லாம் காலண்டரில்தான். ஆடியிலும் மார்கழியிலும் இந்து வீடுகளில் கல்யாணம் கிடையாது. தவக்காலம் வந்தால் எங்கள் மாதா கோயிலில் கல்யாணம் கிடையாது. நோன்பு மாதத்தில் பாய் வீடுகளில் விசேஷம் இருக்காது. ஐப்பசி கார்த்திகையில் மழை. நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்த என் மனைவிதான் அந்த மாதங்களில் வீட்டை ஓட்டினாள். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்தும்.

சுனாமி வந்து மூன்றாவது வருஷம், பாண்டிச்சேரியிலிருந்து ஒரு கம்பெனி எங்கள் ஊர்க் கடற்கரைக்கு வந்து ஒரு கலைவிழா நடத்தியது. வாசலுக்கு இரண்டு பெட்டி கூடுதலாக வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். மத்தியானம் நான் போனபோது இரும்புக் கோபுரத்தில் கறுப்புப் பெட்டிகளை வாழைத்தார் மாதிரி அடுக்கித் தொங்கவிட்டிருந்தார்கள். யாரோ சோதனைக்கு ஒரு பாட்டை ஓடவிட்டார். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே நெஞ்சுக்கு வந்துவிட்டது. சட்டைத்துணி தானாக நடுங்கியது. மணலில் கால் புதைய அப்படியே நின்றுவிட்டேன். பத்து வருஷமாக நான் வாசித்துக்கொண்டிருந்தது பிளாஸ்டிக் ஊதுகுழல்தானோ என்று தோன்றியது.

அவர்களுடைய டிஜே வந்த பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஒரு மணி நேரம் சமாளிப்பீங்களா?"

சமாளித்தேன். அந்தப் பெரிய மிக்ஸரில் எந்தப் பொத்தான் எதற்கென்று முதலில் தேட வேண்டியிருந்தது. பாட்டு ஏறியதும் கை தானாக ஓடியது. முடிந்ததும் மேனேஜர் என்னைத் தனியாக அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தார்.

"எப்ப எந்தப் பாட்டு போடணும்னு உங்களுக்குத் தெரியுதுங்க. எங்ககிட்ட வந்துடுங்க. மாசச் சம்பளம், பி.எஃப், எல்லாம் உண்டு. ஆனா சொந்தமா புக்கிங் எடுக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை சாயந்திரத்துக்குள்ள சொல்லிடுங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் திருத்திக்கொண்டிருந்த நோட்டுகளை மூடி வைத்தாள்.

"சேந்துக்கங்க. மாசாமாசம் வருதுல்ல. பாண்டிச்சேரியிலயும் ஸ்கூல் இருக்கு, நான் பாத்துக்கறேன்."

"பெட்டியெல்லாம்?"

"வித்துடலாங்க."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அந்தக் கோபுரத்துச் சத்தம் இன்னும் நெஞ்சிலேயே இருந்தது. மறுநாளே பழைய சாமான் எடுக்கும் ஒருவர் வந்து என் பெட்டிகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

அதற்கு நடுவில் ஒரே ஒரு கல்யாணம் பாக்கி இருந்தது. ஞாயிறு காலை, கிளிஞ்சல்மேட்டில். கடைசிக் கல்யாணம், நானும் வருகிறேன் என்று மனைவி சொன்னாள். காலைப் பூசைக்குப் பதில் மாலைப் பூசைக்குப் போய்க்கொள்ளலாம் என்று இருவரும் விடிவதற்கு முன்பே வண்டியை எடுத்தோம்.

பெண் வீட்டின் முன்னால் பந்தல். பந்தலுக்குப் பின்னால் மணல்மேடு, அதற்கப்பால் கடல். கல்யாணம் என்பதால் அந்த ஊர்ப் படகுகள் எல்லாம் கரையேறிக் கிடந்தன. நான் வழக்கம்போல பெட்டிகளைக் கூட்டத்தைப் பார்த்து வைத்து ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் அம்மா வந்தார். பட்டுப்புடவை, தலையில் பூ இல்லை. மீன் கூடை சுமந்து சுமந்து உரமேறிய கழுத்து.

"தம்பி, ஒரு பெட்டியக் கடல் பக்கம் திருப்பி வைங்க."

எனக்குப் புரியவில்லை. "கூட்டம் இந்தப் பக்கந்தானம்மா இருக்கு?"

"அவரு அந்தப் பக்கம் இருக்காரு தம்பி. சின்னவனும் அங்கதான் இருக்கான்."

சுனாமியில் போன கணவனும் சின்ன மகனும் என்று புரிந்தது. அவர் அழவில்லை. பந்தி இலைகளை எங்கே இறக்குவது என்று சொல்லும் குரலில்தான் அதையும் சொன்னார். பின்னால் நின்ற என் மனைவி ஒயர்ச் சுருளைக் கீழே வைத்தாள். அவளும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெட்டியை மணல்மேட்டின் மேல் ஏற்றிக் கடலைப் பார்த்து வைத்தோம்.

"என்ன பாட்டும்மா போடுறது?" என்று கேட்டேன்.

"பாட்டு எதா இருந்தா என்ன? கல்யாணச் சத்தம் கேட்டாப் போதும்."

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. சிடியை எடுக்கவில்லை. ஒரு மைக்கை நாதஸ்வரக்காரர் முன்னாலும் இன்னொன்றைத் தவில் பக்கத்திலும் வைத்தேன். முகூர்த்த நேரம் நெருங்கியது. கரைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது, ஊரிலிருந்து கடலை நோக்கி. ஐயர் கையைத் தூக்க, கெட்டிமேளம் எழுந்தது. மிக்ஸரில் சத்தத்தைக் கூட்டும் கட்டையை மேலே தள்ளினேன். பந்தலுக்குள் கேட்ட மேளம் ஒன்று, மணல்மேட்டைத் தாண்டி நீருக்குமேல் போன மேளம் இன்னொன்று. போனது திரும்பி வரவில்லை. எதிரொலிக்க அங்கே எதுவும் இல்லை. அவ்வளவு தூரம் என் பெட்டி ஒருநாளும் பேசியதில்லை.

தாலி ஏறியது. எல்லோரும் அட்சதை தூவினார்கள். அந்த அம்மா பாதியைப் பெண் மாப்பிள்ளை தலையில் போட்டுவிட்டு, கையில் இருந்த மீதியோடு மணல்மேட்டில் ஏறினார். கடலைப் பார்த்துத் தூவினார்.

"என்னங்க, அங்க பாருங்க," என்றாள் மனைவி.

அலை உடையும் இடத்துக்குச் சற்று அப்பால், வேறு ஊர் ஃபைபர் படகுகள் மீன் பிடித்துத் திரும்பிக்கொண்டிருந்தன. எட்டோ ஒன்பதோ படகு இருக்கும். முதலில் ஒன்று நின்றது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. ஒவ்வொன்றாக எல்லாம் நின்றுவிட்டன. இன்ஜின் சத்தம் அடங்கியது. முகம் தெரியாத தூரம். படகுகள் அலையில் ஏறி இறங்க, ஆட்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துச் சுழற்றினார். பக்கத்துப் படகிலும் ஒரு துண்டு சுழன்றது. தவில் அடிக்கு ஏற்ப, காலுக்குக் கீழே ஆடுகிற பலகைமேல் அவர்கள் ஆடினார்கள். வெயில் அப்போதுதான் எழும்பி அவர்களுக்குப் பின்னால் நின்றது.

பந்தலுக்குள் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து மணல்மேட்டில் நின்றார்கள். மாலையும் கழுத்துமாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து நின்றார்கள். நாதஸ்வரக்காரர் நிறுத்துவதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். நிறுத்தாதீர்கள் என்று கையைக் காட்டினேன். என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிவது சட்டைக் காலர் நனைந்த பிறகுதான் தெரிந்தது. எத்தனையோ பேரை ஆட வைத்தவன் நான். அன்றைக்கு ஆட்டத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது, மாதா கோயிலில் நடுப்பூசை மணி அடிக்கும்போது வரும் பயம்.

திரும்பி வரும்போது ஆட்டு மந்தை ஒன்று ரோட்டைக் கடந்ததால் வண்டியை நிறுத்தினேன்.

"அந்தக் கம்பெனியில, பெட்டிய எந்தப் பக்கம் திருப்பணும்னு யாருங்க சொல்லுவாங்க?" என்று கேட்டாள்.

"மேனேஜர் சொல்லுவாரு."

"அப்ப வேணாங்க."

"மழைக்காலத்துல என்ன பண்றது?"

"இவ்வளவு நாள் என்ன பண்ணமோ அதான்."

மந்தை கடந்த பிறகும் நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

அன்று மாலை மேனேஜருக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னேன். "நல்லா யோசிச்சீங்களா? மறுபடி இந்த மாதிரி அமையாது," என்றார். அவர் சொன்னது உண்மைதான். அமையவில்லை. பழைய சாமான்காரரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த வருஷம் ஐப்பசியில் மூன்று வாரம் விடாமல் மழை பெய்தபோது, தப்பு செய்துவிட்டோமோ என்று பல தடவை நினைத்துப் பயந்திருக்கிறேன்.

கிளிஞ்சல்மேட்டுக் கல்யாணம் முடிந்த நாலாம் நாளே கருக்களாச்சேரியிலிருந்து இரண்டு பேர் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் தம்பி. உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசினார்கள்.

"கிளிஞ்சல்மேட்டுல மேளத்தக் கடலுக்கு அனுப்புனது நீங்கதானுங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

"ஆமாங்க."

"நாங்க அன்னிக்குப் படகுல இருந்தோம்." சொல்ல வார்த்தை தேடி நின்றார். "சுனாமிக்கு அப்புறம், வலை போடுறதுக்குத் தவிர கடல்ல நாங்க இன்ஜின நிறுத்துனதே இல்லீங்க. இன்ஜின் சத்தம் இல்லாம வெறுங் கடலக் கேக்க முடியல. அன்னிக்குத்தான் சும்மா நிறுத்திட்டு நின்னோம்."

என் மனைவி உள்ளேயிருந்து தண்ணீர்ச் சொம்போடு வந்து அண்ணன் கையில் கொடுத்தாள். தங்கச்சிக்கு வைகாசியில் கல்யாணம் என்றும், அதற்கு நான் வரவேண்டும் என்றும் தம்பி சொன்னார். வருகிறேன் என்றேன்.