மாமாவின் பொய்த் தராசு

எனக்குப் பதினான்கு வயதானபோது சரவணைக் கிராமத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நிறை பார்த்தார்கள். ரீச்சர் ஒவ்வொருவருடையதையும் உரக்க வாசித்தார். என் முறை வந்ததும், "எழுபத்திரண்டு கிலோ" என்றார். பின்வரிசை வாங்குகளில் சிரிப்பு எழுந்தது. மறுநாளிலிருந்து அந்த எண்ணே என் பெயராயிற்று.

நான் சாப்பாட்டை விட்டேன். மத்தியானப் பார்சல் வழியில் நின்ற ஆடுகளுக்குப் போனது. வீட்டில் வயிற்றுக்குத்து என்று சொல்ல, அம்மா நம்பி மல்லித்தண்ணீர் அவித்துத் தந்தார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, வெங்காயம் பயிரிடும் தோட்டக்காரரிடம் அதை வாங்கி விற்பவர். மூட்டைகளை ஏற்றி நிறுக்கும் பெரிய இரும்புத் தராசு அவருடைய கடையில் இருந்தது. சனிக்கிழமைகளில் போய் அதில் ஏறுவேன். குறையாத கிழமைகளில் இன்னும் இரண்டு நாள் பட்டினி. மூன்றாவது சனிக்கிழமை இறங்கும்போதே தலைசுற்றி வெங்காய மூட்டைமேல் விழுந்தேன்.

மாமா சோடா உடைத்துத் தந்தார். "காலமை என்ன சாப்பிட்டனீ?"

"அம்மாவிட்டைச் சொல்லாதேங்கோ, மாமா."

"சொல்லமாட்டன். முதல்லை இதைக் குடி."

அதன்பிறகு தராசுக்கு என்மேல் இரக்கம் பிறந்துவிட்டது. கிழமைக்கு ஒரு கிலோ, சிலவேளை ஒன்றரை.

"ஓம் பிள்ளை, இறங்குது. தோசை சாப்பிட்ட கிழமைதான் கூட இறங்கியிருக்கு, பார்!" என்பார் மாமா.

நானும் நம்பினேன். இடியப்பமும் சொதியும் எனக்குத் திரும்பக் கிடைத்தன. சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைவரை போய்வரும் தெம்பும் வந்தது.

தவணை முடிவில் பள்ளிக்கூடத்தில் மறுபடியும் நிறை பார்த்தார்கள். எழுபத்துமூன்று.

அப்போதுதான் நினைவு வந்தது: நான் ஏறுமுன் மாமா எப்போதும் தராசின் பக்கத்துத் திருகாணியைத் தொடுவார். நேரே கடைக்கு ஓடினேன். தோட்டக்காரர் ஐந்தாறு பேர் மூட்டைகளோடு நின்றார்கள்.

"மாமா தராசிலை களவு செய்யிறவர்! பொய்த் தராசு!" என்று கத்தினேன்.

எல்லோரும் திரும்பினார்கள். முன்னால் நின்ற ஒரு பெரியவர் மூட்டையிலிருந்து கையை எடுத்தார். "பிள்ளை சொல்லுறது உண்மையோ, தம்பி?"

மாமா என்னைப் பார்த்தார். வெள்ளைச் சீருடையில், கண்ணும் மூக்கும் ஒழுக நின்றேன்.

"ஓம் அண்ணை. இடைக்கிடை திருகினனான்."

"ஏன்?"

"அதைச் சொல்ல ஏலாது."

பெரியவர் மூட்டையைத் தூக்கிச் சைக்கிளில் வைத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அடுத்த போகத்தில் கடைக்கு வெங்காயமே வரவில்லை. மாமா தராசை விற்றுவிட்டு ஓட்டோ ஓடத் தொடங்கினார்.

ஒரு வருடம் நான் அவரோடு கதைக்கவில்லை. செய்த களவு பிடிபட்ட வெட்கத்தில்தான் அன்று காரணம் சொல்ல மறுத்தார் என்று நினைத்தேன். காரணத்தைச் சொல்லியிருந்தால் அவர் தப்பியிருப்பார். ரீச்சரும் பிள்ளைகளும் உரக்கச் சொன்ன என் நிறையை, அத்தனை பேர் நடுவிலும் சொல்லாமல் விட்ட ஒரே ஆள் அவர்தான் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.