கேட்டால் மட்டும் பிரி

சகினா மயிலாப்பூரில் ஒரு தனியார் குழந்தைகள் மருத்துவமனையில் பத்தொன்பது ஆண்டுகளாக ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கை நீட்டும் டாக்டர் காத்திருக்கக் கூடாது என்பதற்காக, தேவைப்படலாம் என்று தோன்றும் தையல் நூல் பாக்கெட்டுகளையெல்லாம் முன்கூட்டியே பிரித்து வைத்துவிடுவார்கள். மீந்தவை குப்பைக்குப் போகும். செலவைக் குறைக்க வழி சொல்லுங்கள் என்று நிர்வாகி ஜெயஸ்ரீ கேட்டபோது, டாக்டர் கேட்டால் மட்டும் பிரிப்போம் என்றார் சகினா. அவரிடம் நூல் வாங்குவது ரேஷனில் அரிசி வாங்குவது போல என்று டாக்டர்கள் கேலி செய்தார்கள். நான்கே மாதத்தில் நூல் செலவு பாதியானது. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. கண்ணெதிரே கிடந்ததை ஒருவர் பார்த்தார், அவ்வளவுதான்.

அந்த உற்சாகத்தில் ஒரு தவறு செய்தார். ராயப்பேட்டையில் அவர் பக்கத்து வீட்டில் இருந்த, அவரை அக்கா என்ற பொருளில் ஆபா என்று கூப்பிடும் ஜுவேரியாவின் நான்கு வயது மகன் ஃபராஸுக்குக் குடலிறக்கம். ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். ஜனவரியில் அரசு மருத்துவமனைக்குக் கிளம்பியவளைச் சகினாதான் நிறுத்தினார். ஏப்ரலில் எங்கள் கட்டணம் குறையும், நானே உள்ளே கூட இருப்பேன் என்றார்.

ஏப்ரலில் புதிய கட்டணப் பட்டியல் வந்தது. குடலிறக்கத்துக்கு அதே தொகை.

"குறைஞ்சது நம்ம செலவு, சிஸ்டர். கட்டணம் குறையும்னு யார் சொன்னா?" என்றார் ஜெயஸ்ரீ.

இதை ஜுவேரியாவிடம் எப்படிச் சொல்வது என்று சகினா ஒன்பது நாள் யோசித்தார். பத்தாம் நாள் குடல் சிக்கிக்கொண்டு, வாந்தி எடுத்தபடி இருந்த பையனைத் தூக்கிக்கொண்டு சகினாவின் மருத்துவமனைக்கே ஓடிவந்தார்கள்.

அவசர ஆபரேஷனுக்குப் பட்டியலில் உள்ளதுபோல் ஒரே மொத்தத் தொகை கிடையாது. பிரித்த ஒவ்வொன்றும் பில்லில் ஏறும். நூல் மேசையருகே நின்ற சகினாவுக்கு இது தெரியும். முன்கூட்டிப் பிரித்த இளம் நர்ஸுகளை அவரே கடிந்துகொண்டிருக்கிறார். ஆனால் குடல் கறுத்திருப்பதைக் கண்டதும், டாக்டர் கேட்பதற்கு முன்பே அவர் கைகள் பிரிக்கத் தொடங்கிவிட்டன. ஒன்பது பாக்கெட். நான்குதான் தேவைப்பட்டது.

பையன் பிழைத்தான். ஒன்பதையும் சகினாவே பதிவேட்டில் எழுதினார். குறைத்து எழுதினால் இருப்புக் கணக்கு உதைக்கும். விசாரணை இளம் நர்ஸுகள் தலையில் விடியும்.

மூன்றாம் நாள் வார்டு வாசலில் பில்லோடு நின்றாள் ஜுவேரியா. கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

"கம்மியாவும்னு நீங்கதானே சொன்னீங்கோ. யாருக்கு, ஆபா, கம்மியாச்சு?"

சகினாவிடம் பதில் இருந்தது. அதைச் சொன்னால், தெரிந்தும் ஒன்பது நாள் சொல்லாமல் இருந்ததையும் சொல்லியாக வேண்டும்.

"புள்ள தண்ணி குடிச்சானா?" என்று கேட்டார்.

"குடிச்சான்" என்றாள் ஜுவேரியா, பில்லை நீட்டியபடியே.