குழந்தைகள் காத்திருந்த கொட்டகை

ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் எங்கள் ஊர் எங்களுடையதாக இருக்காது. ரயிலடியிலிருந்து மலையடிவாரம் வரை நீளமான மஞ்சள் துணி ஒன்றை யாரோ மெதுவாக இழுத்துக்கொண்டே போவதுபோல் கூட்டம் நகரும். கூட்டத்துக்குள் நின்றால் ஆட்கள் தெரிவார்கள். கொஞ்சம் மேட்டில் ஏறி நின்றால் ஆட்கள் மறைந்துபோய், பூக்காவடிகள் மட்டும் தாமாகவே மிதந்துகொண்டு மலைப்பக்கம் போவதுபோல் இருக்கும். தமிழிலும் தெலுங்கிலும் பேசிக்கொண்டு வருகிறவர்கள் அரோகரா சொல்லும்போது மட்டும் ஒரே குரலாகிவிடுவார்கள். அந்தக் குரல் மலையில் மோதி, கொஞ்சம் தாமதித்து, வேறு யாருடைய குரலோபோல் திரும்பி வரும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பெண்கள் பள்ளியில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். சாரணியர் படையிலும் இருந்தேன். விழா நாட்களில் உயர் வகுப்பு மாணவ மாணவிகளைத் தொண்டுக்கு அழைப்பார்கள். தண்ணீர்ப் பந்தலில் நிற்பது, வரிசை கலையாமல் கயிறு பிடிப்பது, வயதானவர்களைக் கைத்தாங்கலாகப் படியேற்றுவது, செருப்புகளைப் பார்த்துக்கொள்வது என்று ஆளுக்கொரு வேலை கிடைக்கும். எல்லாருக்கும் தண்ணீர்ப் பந்தல்தான் வேண்டும். அங்கே மோர் குடிக்கலாம், வருகிறவர்கள் வாயார வாழ்த்திவிட்டுப் போவார்கள். யாரும் விரும்பாத இடம் காணாமல் போன குழந்தைகளை வைத்திருக்கும் கொட்டகை. அந்த வருடம் அது எனக்கும் என் தோழிக்கும் வந்து சேர்ந்தது.

வீட்டில் அம்மாவுக்குச் சம்மதம் இல்லை. அந்தக் கூட்டத்தில் நானே தொலைந்துபோவேன், பிறகு என்னை யார் உட்காரவைத்துக்கொள்வார்கள் என்று கேட்டார். அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருந்த நைனாதான், தொலைந்தவர்கள் வந்து சேருகிற இடத்திலேயே இவள் இருக்கப்போகிறாள், பயமில்லை என்று சொல்லிச் சிரித்து அனுப்பிவைத்தார்.

சரவணப் பொய்கைக்குப் போகும் திருப்பத்தில் தென்னங்கீற்று வேய்ந்த கொட்டகை. உள்ளே ஒரு பெஞ்சு, இரண்டு பாய், ஒரு மண்பானைத் தண்ணீர், ஒரு மைக். வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு ஏட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் விளையாட்டு டீச்சர் காலையில் வந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் கண்டிப்பாகச் சொன்னார். யார் வந்து கேட்டாலும் நாங்கள் குழந்தையின் கையைப் பிடித்துக் கொடுக்கக்கூடாது, குழந்தை தானாக ஓடிப் போனால்தான் அனுப்பவேண்டும். சொல்லிவிட்டு அவர் தண்ணீர்ப் பந்தலுக்குப் போய்விட்டார்.

தொலைந்துபோன குழந்தைகள் எல்லாரும் அழுதுகொண்டே இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சிலர் வந்ததும் தூங்கிவிட்டார்கள். ஒருவன் வேர்க்கடலையை உடைத்து உடைத்து எங்களுக்கும் கொடுத்தான். இன்னொருவன், தன் அம்மாவும் நைனாவும் காணாமல் போய்விட்டார்கள் என்றும், அதை உடனே மைக்கில் சொல்லவேண்டும் என்றும் அதிகாரமாகக் கேட்டான். என் தோழி வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். குழந்தையின் அடையாளத்தை முதலில் தமிழில் சொல்லி, பிறகு தெலுங்கில் சொல்வாள். கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ ஒரு தாய் தலைவிரி கோலமாக ஓடி வருவாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த குழந்தை அவளைப் பார்த்த பிறகுதான் உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பிக்கும். அம்மாவிடம் அழுவதற்காகவே அவ்வளவு நேரம் அழுகையைப் பத்திரமாக வைத்திருந்ததுபோல் தோன்றும்.

உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பூக்காரம்மா ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மொட்டை போடும் கொட்டகைப் பக்கத்திலிருந்து அது தனியாக ஓடிவந்துகொண்டிருந்ததாம். மூன்று வயது இருக்கலாம். பச்சைப் பாவாடை, நெற்றியில் கலைந்த சாந்துப் பொட்டு. அழவே இல்லை. வாசலைக் கடந்து போகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தது. பெயர் கேட்டால் பாப்பா என்றது. அம்மா பெயர் அம்மா. நைனா என்ன செய்வார் என்றதற்கு, கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, வாயால் டக்கு டக்கு என்று தறிச் சத்தம் எழுப்பிக் காட்டியது. நெசவுக்காரர்கள் வீட்டுக் குழந்தை, அம்மையார்குப்பம் பக்கமாக இருக்கும் என்று தோழி சொன்னாள்.

அம்மா எப்படி இருப்பார் என்று நான் கேட்டேன்.

"பெரிய கொண்ட. பூ வெச்சிக்கினு இருக்கும்."

அதையும் சேர்த்து மைக்கில் சொன்னோம். அதன்பிறகு எனக்கும் கூட்டத்தில் கொண்டைகள் மட்டுமே கண்ணில் பட்டன. மல்லிகை வைத்தது, கனகாம்பரம் வைத்தது, அவிழ்ந்து முதுகில் சரிந்தது. பாப்பா என் தாவணி முனையைச் சுருட்டிப் பிடித்தபடி அத்தனையையும் பார்த்தது. எதற்கும் அது எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் அந்த அக்கா வந்தார். முழுமொட்டை. தலையில் பூசிய சந்தனம் பாதி காய்ந்து பாதி ஈரமாக வழிந்திருந்தது. ஓடிவந்த மூச்சு அடங்காமல் வாசல் கம்பைப் பிடித்துக்கொண்டு, பாப்பா, என்று கூப்பிட்டார்.

குழந்தை அந்தக் குரல் வந்த பக்கம் சட்டென்று திரும்பியது. முகத்தைப் பார்த்தது. பிறகு அலறிக்கொண்டு என் பின்னால் ஒளிந்துகொண்டது. அவ்வளவு நேரமும் வராத அழுகை அப்போது வந்தது.

ஏட்டு எழுந்து நின்றார். குழந்தை கொண்டை வைத்த அம்மாவைக் கேட்கிறது, யாரோ ஒரு மொட்டைப் பெண் வந்து தன் பிள்ளை என்கிறாள். அவருக்குச் சந்தேகம் வந்ததில் தப்பில்லை. உடம்பில் என்ன அடையாளம் என்று கேட்டார். இடது முழங்காலுக்குக் கீழே சூடுபட்ட தழும்பு, அடுப்பு ஓரத்தில் விழுந்தது என்று அந்த அக்கா சொன்னார். நான் பாவாடையை விலக்கிப் பார்த்தேன். தழும்பு இருந்தது. ஏட்டுக்கு அது போதும். தூக்கிக் கொடுத்துவிடச் சொன்னார்.

நான் குழந்தையைத் தூக்கினேன். அது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு நடுங்கியது. டீச்சர் சொன்னது ஒரு பக்கம். ஏட்டு சொல்வது இன்னொரு பக்கம். என் தோளில் அந்தச் சின்ன நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது மூன்றாவது பக்கம். நான் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றபோது அந்த அக்காதான் சொன்னார்.

"இழுக்காதம்மா. அதுவா வரட்டும். நான் இருக்கறேன்."

சொல்லிவிட்டு வாசலுக்கு உள்ளே, குழந்தைக்கு எட்டாத தூரத்தில், தரையில் உட்கார்ந்துகொண்டார்.

உட்கார்ந்த பிறகுதான் நடந்ததைச் சொன்னார். போன மாசிமாதம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து கண்ணே திறக்கவில்லையாம். பிழைத்தால் தன் முடியைக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். அவர் வீட்டுக்காரர் காவடி எடுத்து மலையேறிப் போயிருந்தார். குழந்தையைப் பக்கத்தில் நிற்கவைத்து, புடவை முந்தானையை அதன் கையில் கொடுத்துவிட்டு, இவர் மொட்டைக்குத் தலை குனிந்திருக்கிறார். முடிந்து தலை நிமிர்ந்தபோது முந்தானை தரையில் கிடந்ததாம்.

"யாரோ தூக்கிகினு போயிட்டாங்கன்னு நெனச்சேன்," என்றார். எங்களுக்கும் அப்போது புரிந்துவிட்டது, அவருக்கும் புரிந்திருந்தது. குழந்தையை யாரும் தூக்கிப் போகவில்லை. அது தொலையவும் இல்லை. தன் அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு குனிந்திருந்த அந்த மொட்டைத்தலை ஆளைப் பார்த்துப் பயந்து, அம்மாவைத் தேடித்தான் ஓடியிருக்கிறது.

அந்த மதியம் எவ்வளவு நீளமாக இருந்தது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. வெளியே காவடிகள் போய்க்கொண்டே இருந்தன. கீற்று இடுக்குகள் வழியாக வெயில் பொட்டுப் பொட்டாகப் பாயில் விழுந்து, காற்றடிக்கும்போதெல்லாம் இடம் மாறியது. கற்பூரப் புகை உள்ளே வந்து, வழி மறந்ததுபோல் சுற்றிவிட்டுப் போனது. மற்ற குழந்தைகளைத் தேடி ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அந்த அக்கா அசையவில்லை. தோழி ஒரு துண்டைக் கொடுத்துத் தலையை மூடிக்கொள்ளச் சொல்லிப் பார்த்தாள். அவர் தன் முந்தானையாலேயே முக்காடு போட்டுக்கொண்டார். பாப்பா ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தது. முக்காட்டின் ஓரத்தில் வழிந்திருந்த சந்தனத்தைப் பார்த்ததும் மறுபடி முகத்தைப் புதைத்துக்கொண்டது.

வீட்டில் குழந்தை எப்படித் தூங்கும் என்று நான் கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியாது. அழுது களைத்து அது என் மடியில் சொக்கிக்கொண்டிருந்ததால் இருக்கலாம்.

"தறிக்கு நான் தார்க்குச்சியில நூல் சுத்துவேன். அப்ப என் முதுகுல சாஞ்சிகினு தூங்கும்," என்றார்.

சொன்னவர், தான் சொன்னதைத் தானே அப்போதுதான் கேட்டதுபோல் தன் கைகளைப் பார்த்தார். பிறகு எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இடது கையை நூல் பிடிப்பதுபோல் நீட்டிக்கொண்டார். வலது கையால் அங்கே இல்லாத ஓர் இராட்டையைச் சுற்ற ஆரம்பித்தார். வாய்க்குள்ளேயே கிர்ர் என்று ஒரு சத்தம். சுற்றுக்கு ஏற்ப அது ஏறியது, இறங்கியது. தார் நிறையும் இடத்தில் நிறுத்தி, புதுத் தார் மாட்டுவதுபோல் கையை அசைத்து, மறுபடி தொடங்கினார்.

என் மடியில் இருந்த தலை நிமிர்ந்தது.

எனக்கு அந்த முதுகு இன்னும் கண்ணில் நிற்கிறது. வெளிறிய ஊதாப் புடவை, வியர்வையில் ஒட்டிய ரவிக்கை, சுற்றும்போது லேசாக ஆடும் தோள். பாப்பா என் தாவணியை விட்டது. ஓர் அடி வைத்து நின்றது. எங்களைத் திரும்பிப் பார்த்தது. தோழி மைக்கைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த குழந்தையைப் பற்றிச் சொல்லவேண்டியதை அவள் மறந்துபோயிருந்தாள். பாப்பா இன்னும் கொஞ்சம் நடந்து போய், ஒரு விரலால் அந்த முதுகைத் தொட்டது. கை சுற்றுவதை நிறுத்தவில்லை. பிறகு கன்னத்தை வைத்தது. பிறகு உடம்பு முழுவதையும் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டது.

அந்த அக்கா திரும்பவே இல்லை. கை வலித்திருக்கும். ஆனாலும் சுற்றிக்கொண்டே இருந்தார். வாசலில் இருந்த ஏட்டுதான் அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் தூங்கி எழுந்த பாப்பா அரைத் தூக்கத்தில் கையை மேலே நீட்டியது. கொண்டை இருக்கவேண்டிய இடத்தில் விரல்கள் தேடின. முக்காடு சரிந்து, வியர்வையில் ஈரமான சந்தனத்தில் கை பட்டது. கையை முகர்ந்து பார்த்தது. மறுபடி தடவியது.

"அம்மா, கொண்ட எங்க?"

"சாமிகிட்ட குடுத்துட்டேன், கண்ணு."

"பூவு?"

"ஆங், பூவும்தான்."

அது கொஞ்சம் யோசித்தது. பிறகு முதுகுப் பக்கமாகவே ஏறி, அம்மாவின் தோள் வழியாக மடியில் இறங்கி, அந்த முகத்தை நேராகப் பார்த்தது. இந்தமுறை அழவில்லை. அவர் அதை இறுக்கிக்கொண்டபோது இருவருடைய நெற்றியிலும் ஒரே சந்தனம்.

மாலையில் அவர் வீட்டுக்காரர், காவடி இறக்கிய தோள் சிவந்திருக்க, தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார். பிரசாதத்தைக் கிள்ளி எங்கள் இருவர் கையிலும் வைத்தார். என்ன நடந்தது என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. மைக்கைப் பார்த்தும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த நாளை நான் வீட்டில் சொன்னபோது அம்மா என் தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டே கேட்டார். எனக்கு வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. ஓடிவந்த பிறகு நாங்கள் குழந்தையைப் பார்த்துக்கொண்டோம், சரி. அது ஓடாமலே இருந்திருக்கலாமே என்று தோன்றியது. விழா விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் தோழியும் நானும் விளையாட்டு டீச்சரிடம் போய்ச் சொன்னோம். மொட்டை போடும் இடத்துக்கே சில பெண்களை அனுப்பலாம், அம்மா தலை குனிந்திருக்கும் நேரத்தில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்றோம். இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பார் என்று பயந்தோம். டீச்சர் அந்த அக்காவைப் பற்றித்தான் மறுபடி மறுபடி கேட்டார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்.

அடுத்த ஆடியில் நாங்கள் பதினொன்றாம் வகுப்பு. டீச்சர் மறக்கவில்லை. எங்களோடு வேறு சில மாணவிகளையும் அங்கே அனுப்பினார். முடி எடுக்கிறவர்கள் முதலில் எங்களை இடைஞ்சலாகப் பார்த்தார்கள். மதியத்துக்குள் அவர்களே, இந்தப் பிள்ளையையும் பிடித்துக்கொள் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். குழந்தையை அம்மாவுக்கு நேரெதிரே நிற்கவைத்து, அவள் மாறுவதை முதலிலிருந்தே பார்க்கவைத்தோம். பார், இந்தப் பக்கம் போச்சு, இப்போ அந்தப் பக்கம் போகுது, அம்மா கண் அங்கேயேதான் இருக்கிறது பார் என்று சொல்லிக்கொண்டே இருப்போம். அம்மாக்களும் குனிந்தபடியே கண்ணை மட்டும் உயர்த்திக் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஈர முடி கொத்துக் கொத்தாக விழும். கொஞ்சம் கொஞ்சமாக வேறொரு தலை வெளியே வரும். சில குழந்தைகள் அழுதார்கள். பலர் கைதட்டினார்கள். ஒரு குழந்தை தனக்கும் இப்போதே எடுக்கவேண்டும் என்று தரையில் புரண்டது. அன்று அந்த மொட்டைக் கொட்டகையிலிருந்து எந்தக் குழந்தையும் ஓடவில்லை.

மழை வரும்போல் மேகம் இறங்கி, மலை பாதிக்குமேல் மறைந்துபோன நேரத்தில், நான் பிடித்திருந்த கடைசிக் குழந்தையின் அம்மா எழுந்து புடவையை உதறிக்கொண்டார். குழந்தை என் கையை விட்டுவிட்டு, மொட்டைத் தலையோடு நின்ற தன் அம்மாவிடம் நேராக ஓடியது.