உமிக்கரி

இன்று மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளை விரிப்பில் எங்கிருந்தோ ஒரு கரித்துகள் வந்து விழுந்தது. தட்டிவிடக் கை எழவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. திருமானூரில் எங்கள் கொல்லைக்குப் பின்னால் ரைஸ் மில். அதன் புகைபோக்கியிலிருந்து உமிக்கரி பறந்துவந்து, வாத்தியாரான அப்பாவின் வேட்டியில் புள்ளி புள்ளியாக அப்பும். நீலம் போட்டு அலசியதை அம்மா மறுபடி அலசுவாள். கொல்லைக் கொடியை விட்டு வாசலில் துணி காயப்போடுவது அவளுக்கு மானக்கேடு.

"இந்த மில்ல மூடுனாத்தான் எனக்கு நிம்மதி."

அதற்காகவே ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு ஏலாக்குறிச்சிக்கு பஸ் ஏறினாள். மாதா கோயிலில் அம்மா மெழுகுவர்த்தி ஏற்றியபோது, பக்கத்தில் மில்காரர் மனைவி நின்றிருந்தார். காற்றில் அவருடைய தீக்குச்சிகள் அணைந்துகொண்டே இருந்தன.

"வாத்தியாரம்மா, உங்க மெழுகுவத்தியில பத்த வச்சுக்கட்டுங்களா?"

"என்ன வேண்டுதலுங்க?"

"மில்லு நிக்காம ஓடணும். அது நின்னுட்டா எங்க வூட்டுல அடுப்பு எரியாதுங்க."

 அம்மா தன் மெழுகுவர்த்தியைச் சாய்த்து அவருடையதைப் பற்றவைத்தாள். முந்தானையை விரித்து அந்தச் சுடரைக் காற்றிலிருந்து மறைத்தாள். அதற்குள் அவளுடையது அணைந்துவிட்டது. திரும்ப ஏற்றவில்லை.

பஸ்ஸில் கேட்டேன்: "வேண்டிக்கிட்டியாம்மா?"

"ஆச்சுடி. நாளையிலேருந்து கொடிய வாசப் பக்கம் கட்டிக்கலாம்."