மச்சானின் மிதவை

அந்த மிதவையை நான் கழற்றியிருக்கக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதி வழியில் எனக்கு நானே நியாயம் பேசத் தொடங்கிவிடுவேன். அதில் நான் கெட்டிக்காரன்.

என் மனைவி நானா என்று கூப்பிடும் அவள் மூத்த சகோதரர், என் மச்சான், கற்பிட்டிக் கடலில் சங்கும் கடலட்டையும் எடுக்க முழுகியவர். ஒருநாள் ஆழத்தில் கூடுதல் நேரம் நின்றுவிட்டு அவசரமாக மேலே வந்தார். அன்றோடு இடது கால் விளங்காமல் போனது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பியவரிடம், கைத்தடியோடு நடக்கலாம், இனித் தண்ணீருக்கு அடியில் போகவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குப் பாலாவிக்குப் பக்கத்து உப்பளமொன்றில் வேலை. காலையில் கண்ணாடிக் குழாயொன்றை உப்புநீரில் மிதக்கவிட்டு, நீர் எத்தனை பாகை கனத்திருக்கிறது என்று பார்த்து, அடுத்த பாத்திக்குத் திருப்பலாமா என்று சொல்ல வேண்டும். மற்ற நேரமெல்லாம் ரிமோட் படகு செய்கிற பைத்தியம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட வந்த மச்சான், என் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"மேலால ஓடுற போட் எத்தின செஞ்சிட்டீங்க மச்சான். தண்ணிக்குள்ள போறது ஒண்டு செய்ய ஏலாதா? முன்னுக்கு கெமரா ஒண்ட வெச்சி. எனக்கு ஒருக்காக் கீழ பார்க்கணும்."

அவர் யாரிடமும் எதையும் கேட்கிற மனிதர் அல்ல. அன்றே தொடங்கினோம்.

எட்டு அங்குலக் குழாயில் ஆறடி நீளத்துக்கு உடம்பு. உள்ளே ஒரு தண்ணீர்த் தொட்டி: பம்பு தண்ணீரை இழுத்தால் கப்பல் தாழும், வெளியே தள்ளினால் எழும். லொறி வைப்பரின் மோட்டார் ஒன்று விசிறியைச் சுற்றியது. மூடிக்கு இறுக்கமான வாசர் கடை கடையாகத் தேடியும் கிடைக்காமல், கடைசியில் என் மனைவியின் குக்கர் வாசரைக் கழற்றிப் போட்டேன். அளவு அச்சொட்டாக இருந்தது. "நானாவும் நீங்களும் அந்தக் கப்பலையே அவிச்சித் தின்னுங்க" என்று அவள் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வாசரைவிடப் பெரிய சிக்கல், ரிமோட்டின் அலை உப்புத் தண்ணீருக்குள் இறங்காது என்பது. கப்பல் முழுகிய மறுகணமே செவிடாகிவிடும். நான் ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். மச்சான் ஒரே பேச்சில் தீர்த்துவைத்தார்.

"நாங்க முழுகக்குள்ள மேல மிதவ ஒண்டு கயித்தில இழுபட்டு வரும்தானே. அதப் பார்த்துத்தான் போட்டுக்காரன் பின்னால வருவான். இதுக்கும் ஒண்டக் கட்டுங்க."

செம்மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் எண்ணெய்க் கான் ஒன்றை மிதவையாக்கினோம். அன்டெனா அதன்மேல் நின்றது. கட்டளை அதிலிருந்து வயர் வழியாகக் கீழே போகும். கெமராவின் படம் அதே வழியாக மேலே ஏறிப் போனுக்கு வரும்.

கடலை ஒட்டிக் கிடக்கும் களப்பில் முதன்முதலாக இறக்கினோம். கரையில் கதிரை போட்டு மச்சானை இருத்தி, போனைக் கையில் கொடுத்தேன். கலங்கல் தண்ணீர், பாசியும் சேறும்தான். திடீரென்று, "அந்தா நண்டு! என்னப் பார்த்துக் கையத் தூக்குறான்!" என்று கத்திச் சிரித்தார். கால் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ஆனால் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. என் கண் மிதவையில் இருந்தது. அத்தனை பாடுபட்டுச் செய்த கப்பல் கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு எண்ணெய்க் கான்தான் களப்பில் ஊர்ந்து திரிந்தது. யாரோ அதை வீடியோ எடுத்துப் போட, கான் நல்லா ஓடுது, கப்பல் எங்கே என்று ஒருவன் கீழே எழுதியிருந்தான். அது எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

மச்சான் முந்தல் ஊரில் மகள் வீட்டில் போய் நின்ற நாட்களில் மிதவையைக் கழற்றினேன். கப்பல் இரண்டு நிமிடம் தானாகவே அடியில் ஓடி, பிறகு தொட்டியைக் காலியாக்கி மேலே வருகிற மாதிரி மாற்றினேன். படம் உள்ளேயே பதிவாகும். அவர் திரும்பி வந்ததும் பெருமையாகக் காட்டினேன்.

"அப்ப எனக்கு அந்த நேரமே பார்க்க ஏலாதா?"

"ஊட்டுக்கு வந்து டிவில போட்டுப் பார்க்கலாம் மச்சான். இன்னும் நல்லா விளங்கும்."

"ஓம். நல்லம்," என்றார். மூலையில் கிடந்த கானை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பார்த்ததை நானும் கண்டேன். காணாதவன் மாதிரி இருந்துகொண்டேன்.

மாற்றிய கப்பலை உப்பளத்தில், உப்புநீர் தேக்குகிற ஆழமான குளத்தில் ஓட்டிப் பார்த்தேன். தண்ணீர் தெளிவு, அலை இல்லை, வேலையும் அங்கேதான். முதலில் கப்பல் முழுகவே மறுத்தது. அடியில் ஈயக்கட்டிகளைச் சேர்த்துச் சேர்த்து, ஒருவழியாகச் சொன்ன சொல் கேட்கவைத்தேன். பத்துத் தடவை தாழ்ந்தது, பத்துத் தடவையும் எழும்பியது.

கடல் அமைதியாக இருந்த ஒரு காலையில், மச்சானுக்குத் தெரிந்தவரின் படகில் கற்பிட்டியிலிருந்து போனோம். அவரை இரண்டு பேர் தூக்கித்தான் படகில் ஏற்ற வேண்டியிருந்தது. இடத்தை அவரே காட்டினார். நான் கப்பலைப் படகின் விளிம்புக்கு மேலால் தண்ணீரில் இறக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து ஒரு கையை அதன் கீழே கொடுத்துப் பார்த்தார்.

"பாரமா இரிக்கே மச்சான்."

"உப்பளத்தில பத்துத்தரம் பார்த்திட்டன், ஒண்டும் ஆகாது."

"உப்பளத்திலயா?" என்று நிமிர்ந்தார். அதற்குள் நான் கையை விட்டுவிட்டேன்.

கப்பல் ஒரு கணம்கூட மிதக்கவில்லை. முன்விளக்கு எரிந்தபடியே நேராகக் கீழே போனது. உப்பளத்துத் தண்ணீர் கனத்த தண்ணீர், எதையும் தூக்கிப்பிடிக்கும். அதில் கப்பலை அமிழ்த்தப் போட்ட ஈயம் கடலில் கப்பலையே கொண்டுபோகும்; தொட்டி காலியானாலும் எழும்பாது. நாள் தவறாமல் அந்தக் கனத்தை அளந்து சம்பளம் வாங்குகிறவன் நான். இடுப்பில் ஈயம் கட்டி முழுகிய மச்சானுக்கு ஒரு சொல்லில் விளங்கியது. மிதவை இருந்திருந்தால் அதைப் பிடித்து இழுத்தாவது எடுத்திருப்போம்.

இரண்டு பையன்களை முழுகவிட்டுத் தேடலாம் என்றார் படகுக்காரர். மச்சான் மறித்தார். "விளையாட்டுச் சாமானுக்கு இந்த ஆழத்தில ஒருத்தனையும் இறக்க மாட்டன்." பிறகு விளக்கு மறைந்த இடத்தைப் பார்த்தபடி, எனக்கென்று இல்லாமல் சொல்லிக்கொண்டு வந்தார்: கடலடி மேட்டுக்குத் தெற்கே வெள்ளை மணல், அதில் பிளந்து நிற்கும் ஒரு பாறைப் பார், பிளவுக்குள் எப்போதும் கலவாய் மீன் ஒன்று நிற்கும். அவருக்கு எல்லாம் மனப்பாடம். புதிதாக எதையும் காட்டும்படி அவர் என்னிடம் கேட்டிருக்கவில்லை.

இன்னொரு கப்பல் செய்தேன். கடல் தண்ணீரிலேயே எடை பார்த்தேன். அதே செம்மஞ்சள் கானைக் கட்டினேன். வாங்க மச்சான், போவோம் என்றேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைத்தார்.

"அண்டைக்கு ஆசை இரிந்திச்சி மச்சான். இப்ப இல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் வருகிறார், சாப்பிடுகிறார், என் வேலையை விசாரிக்கிறார். கப்பல் நிற்கிற பக்கம் மட்டும் போவதில்லை.

ஒருநாள் அதே படகுக்காரரோடு நான் மட்டும் போனேன். மிதவை பின்னால் வர, போனில் படம் துல்லியமாக வந்தது. வெள்ளை மணல் தெரிந்தது. பார் தெரிந்தது. பிளவுக்குள் ஏதோ ஒரு பெரிய மீன் வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றது. அது கலவாய்தானா என்று எனக்குத் தெரியவில்லை.